குல்மார்க்கில் பனிச்சறுக்கா? முதலில் சாய்வைப் பாருங்கள்

கொண்டோலா என்ற கேபிள் காரில் அபர்வாட் மலைக்கு ஏறி, பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பு எல்லைக்கு வெளியே சறுக்கப் போகிறீர்களா? வானம் பளிச்சென்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கனத்த பனிப்பொழிவுக்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரத்தில்தான் பனிச்சரிவு அபாயம் பெரும்பாலும் அதிகம். காற்று வேறு அடித்திருந்தால், அது அள்ளி வந்த பனி மறுபக்கச் சரிவில் குவிந்திருக்கும்.

சாய்வு அளக்கும் வசதி செல்போனிலேயே உண்டு. பாதுகாப்பான ஓரத்தில் நின்று, ஸ்கீ கம்பைப் பனிமேல் சரிவோடு சரிவாகப் படுக்க வைத்து, அதன்மேல் போனை வையுங்கள். 30 முதல் 45 டிகிரி காட்டினால் அந்தச் சரிவு வேண்டாம். அதன் அடிவாரத்தில் நின்று செல்ஃபியும் வேண்டாம்!

காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கினாலோ, விரிசல் ஓடினாலோ, பேச்சே இல்லை, திரும்பிவிடுங்கள். அப்புறம், பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வாரி, துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பு) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரு செட் போதாது. அதை வைத்திருப்பவரே புதைந்துவிடலாம்.