சீனச் சுருள் ஓவியத்தைப் படம் எடுக்கிறீர்களா? தயவுசெய்து சுத்தம் பண்ணாதீர்கள்

ரங்கூன் லாத்தா பக்கத்தில் எனக்குச் சின்ன போட்டோ ஸ்டூடியோ. கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும்தான் பிழைப்பு. பக்கத்துக் கட்டடத்துச் சீனத் தாத்தா ஒருநாள் துணியில் சுற்றிய சுருளோடு வந்தார். மலை, பனிமூட்டம், கீழே ஒரு படகு. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டுமாம். நானும் போனில் ஸ்கேனர் ஆப்பை வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த ஆப் பழுப்பை வெளுத்ததோடு பனியையும் துடைத்துவிட்டது. பாதி மலை அந்தரத்தில் தொங்கியது. மை ஓவியத்தில் வெற்றிடம்தான் பனி, வெற்றிடம்தான் தண்ணீர். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. இரண்டாம் முறை எடுத்த விதம் இது.

மழைக்காலம் முடியும்வரை சுருளைத் திறக்கவில்லை. ஓவியத்துக்குப் பின்னால் பசை தடவிக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். ஈரக்காற்று பட்டால் பூஞ்சை பிடிக்கும். டிசம்பர், ஜனவரி தோது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேராக, மெதுவாகப் பிரியுங்கள். மடிப்பை அழுத்தி நேராக்க வேண்டாம். வண்ணம் உதிர்வது தெரிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட்டை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி எல்இடி விளக்கு. நம் ஊர்க் கரண்டை நம்ப முடியாது. நீளமான ஓவியத்தைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் ஒரே படமாக ஒட்டப்போகிறோம். கரண்ட் பாதியில் போய் ஒளி மாறிவிட்டால் துண்டுப் படங்கள் ஒட்டாது, அதனால் பேட்டரி விளக்கு.

கேமராவை மேலிருந்து நேர் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். சுருளை வைக்கும் முன், பலகையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் சரி. தாத்தாவின் ஓவியம் 138 செ.மீ. நீளம், 34 செ.மீ. அகலம். என் 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 × 4000 பிக்சல். அகலத்தை 4000க்குள் அடக்கினால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 பிக்சல் கிடைக்கும். ஒரு படத்தில் 51 செ.மீ. நீளம் விழும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுத்ததில் நான்கே படத்தில் முடிந்தது. கேமராவை அசைக்காமல் பலகையை மட்டும் நகர்த்துங்கள்.

எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்பீர்கள். தைவானில், தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் பழைய சீன ஓவியர் ஃபான் குவானின் மலை ஓவியம் இருக்கிறது, 2 மீட்டருக்கும் மேல் உயரம். கழுதைகள் போகும் வழியருகே இலைகளுக்குள் ஒளிந்திருந்த அவர் கையெழுத்தை 1958ல்தான் கண்டுபிடித்தார்கள். வரைந்து 900 வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு! அதனால் ஒரு மூலையையும் விடாதீர்கள். சிவப்பு முத்திரைகள், ஓரத்துக் கையெழுத்துகள், சுருளின் வெளியே ஒட்டிய பெயர்ச்சீட்டு, எல்லாவற்றுக்கும் தனித்தனியே ஒரு படம்.

கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், பழைய பட்டின் பழுப்பைக் கறையென்று நினைத்துக்கொள்ளும். அதை அணைத்துவிட்டு, முதல் படத்தில் வண்ண அட்டையை (அளவான நிறக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை) வைத்து எடுத்து, அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW கோப்பாக எடுத்து, ஒட்டிய படத்தைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். கறை, புழு ஓட்டை, மடிப்புக் கோடு எதையும் அழிக்க வேண்டாம். கை துறுதுறுக்கும், எனக்கும்தான். அடக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பேஸ்புக்கில் போட சின்ன ஜேபெக் போதும். ஆனால் பேஸ்புக் படத்தை நசுக்கி, கோப்புக்குள் எழுதிய விவரங்களில் பெரும்பாலானவற்றையும் கழற்றிவிடும். அளவு, யாருடையது, முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பதிவிலேயே எழுதுங்கள். ஓவியத்தின் சொந்தக்காரரிடம் கேட்காமல் போடாதீர்கள். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017லிருந்து ஏராளமான படங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது, சீன ஓவியங்களும் உண்டு. தாத்தாவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். தன்னுடையது பழைய ஏதோ ஒன்றின் நகலாக இருக்கும் என்றார் அவர். சீனாவில் பெரிய ஓவியர்களே முன்னோரைப் பார்த்து வரைந்து பழகியவர்கள்தான் என்பதால், அதில் அவருக்கு வருத்தமே இல்லை. பனிமூட்டம் திரும்பி வந்துவிட்டதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.