ஈ-ரீடர் வாங்க முதல்: திருமலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

ஜூலை, ஓகஸ்ட் வந்தால் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் சொந்தங்கள் எங்கள் ஊரான திருகோணமலைக்கு வருவார்கள். கோணேசர் கோயிலுக்குப் போவார்கள், நிலாவெளியில் குளிப்பார்கள், திரும்பும்போது வாசிக்கிற பழக்கமுள்ள ஒரு மருமகளுக்கோ பெரியப்பாவுக்கோ மின்னூல் வாசிக்கும் கருவியான ஈ-ரீடர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த கிழமை அந்த ரீடர் என்னிடம் வரும். இந்தக் கருவிகளோடு பல வருடமாகப் புழங்குகிறவன் என்று தெரிந்தவர்கள் உப்புவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தேடி வருகிறார்கள், அவர்களுக்கு உதவுவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆரம்ப காலத்தில் நாங்கள் நாலைந்து பேர் தடுமாறிய அதே இடங்களில் இவர்களும் அச்சொட்டாகத் தடுமாறுவதைப் பார்க்கும்போது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. திரையில் மணல் படக்கூடாது, கவர் போடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லாருக்கும் தெரியும்.

கருவியைத் தெரிவுசெய்துவிட்டு அப்புறம் புத்தகத்தைத் தேடுவது

கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த ரீடர் நல்லது?" எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி, பற்றரி எத்தனை நாள் நிற்கும் என்று யூடியூபில் மணிக்கணக்காகப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அந்த ஒப்பீட்டில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கிண்டில், கோபோ, பொக்கெட்புக், பூக்ஸ் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஈ இங்க் என்ற ஒரே நிறுவனத்தின் திரை. 1997 இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்திலிருந்து பிறந்த நிறுவனம் அது, 2009 இல் தாய்வான்காரர் வாங்கிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரே விலையில் வரும் இரண்டு புது ரீடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்தின் கூர்மையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நிறுவனங்கள் உண்மையாக மோதிக்கொள்வது கடையில். சோனி 2006 இலேயே அமெரிக்காவில் ரீடரை இறக்கிவிட்டது, கருவியில் குறை சொல்ல முடியாது. கிண்டில் ஒரு வருடம் பிந்தி, 2007 நவம்பரில் 399 டொலருக்கு வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் அமேசான் என்ற பெரிய புத்தகக் கடை இருந்தது. 2014 இல் சோனி வட அமெரிக்கக் கடையை மூடி வாடிக்கையாளரைக் கோபோவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. ஆகவே ரீடர் வாங்கும்போது நீங்கள் தெரிவுசெய்வது, இனி வரும் வருடங்களில் புத்தகம் வாங்கப்போகும் கடையையும் சேர்த்துத்தான். இதை யாரும் வாங்க முதல் யோசிப்பதில்லை.

உவர்மலையில் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெரிய வாசகர். ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஒரு ரீடர் வாங்கிக் கொடுத்து, தன் கார்ட்டையும் இணைத்துவிட்டார். சேர் பல வருடமாக நாவலும் கட்டுரையும் ஆய்வு நூலுமாக வாங்கிக் குவித்தார், பக்கத்துக்குப் பக்கம் குறிப்பும் எழுதினார். ஒருநாள் ரீடர் கீழே விழுந்து திரை உடைந்தது. ஜேர்மனியிலிருந்து வந்த மருமகன் வேறொரு நிறுவனத்தின் ரீடரைக் கொண்டுவந்து கொடுத்தார், முந்தியதைவிடப் பெரிய திரை, நல்ல கருவி. சேர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, என்ர புத்தகமெல்லாத்தையும் இதுக்குள்ள மாத்தித் தாங்கோ" என்றார். அவர் வாங்கிய எல்லாமே பூட்டுப்போட்ட கோப்புகள், ஒன்றைக்கூட மாற்றிக் கொடுக்க வழியில்லை. "நான் காசு குடுத்துத்தானே வாங்கினனான்?" என்று கேட்டார். எழுபது வயது தாண்டிய மனிதரிடம், ஐயா நீங்கள் வாங்கியது புத்தகம் இல்லை, அந்தக் கடையின் கருவியிலும் செயலியிலும் மட்டும் வாசிப்பதற்கான அனுமதி என்று விளக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. காசு வாங்கும் நேரத்தில் யாரும் அவருக்கு இதைக் காதில் விழும்படி சொல்லவில்லை.

இந்தப் பூட்டுக்கு டிஆர்எம் என்று பெயர். கிண்டில் கடையில் வாங்கும் புத்தகம் அமேசானின் சொந்த வடிவத்தில் வரும், பூட்டு இருந்தால் கோபோவில் திறக்காது. மற்றப் பெரும்பாலான ரீடர்கள் ஈபப் என்ற பொது வடிவத்தைப் படிக்கும், ஆனால் ஈபப்புக்கும் பூட்டுப் போடலாம், போடுகிறார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, விற்பது உரிமத்தைத்தான் என்பதைக் கடைகள் வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டம் போட்டுச் சொல்லவைக்க வேண்டிய அளவுக்கு இது மறைந்து கிடந்திருக்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் நடந்தவற்றைப் பாருங்கள். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்ற காரணத்துக்காக, ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை அமேசான் வாசகர்களின் கிண்டிலுக்குள்ளிருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது, ஆனால் கைக்குள் இருக்கும் கருவியிலிருந்து புத்தகத்தை எடுக்க முடியும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோனது. 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் அத்தனையும் போயின, அங்கேயும் காசு திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. 2016 இல் நூக் என்ற இன்னொரு மின்னூல் கடை பிரித்தானியாவை விட்டு வெளியேறியது. 2023 ஜூனில் சீனாவில் கிண்டில் கடை மூடியது. 2025 பெப்ரவரி 26 இல், வாங்கிய கோப்பைக் கணினிக்கு இறக்கிக் கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது. அந்த வசதியை நம்பித்தான் பலர் தங்கள் புத்தகங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்கள், 2004 சுனாமியில் மூதூரிலும் கிண்ணியாவிலும் வீட்டோடு அலுமாரியும் புத்தகமும் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். புத்தகம் கையை விட்டுப் போவது எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? அடுத்து வாசிக்க ஆசைப்படும் பத்துப் புத்தகத்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எங்கே, என்ன வடிவத்தில் கிடைக்கிறது என்று தேடுங்கள். பட்டியலில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் வரும் புது நாவல்கள் என்றால் கிண்டிலை வாங்குங்கள், தயங்க வேண்டாம். 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் புத்தகம் விற்கத் தொடங்கியதிலிருந்து விலைக்கு வாங்கும் தமிழ் மின்னூல் அங்கேதான் அதிகம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் தன் நூலைச் சேர்க்கச் சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர் ஒருவர் ஒப்பந்தம் செய்தால், அந்த 90 நாள் தவணைக்குள் அதே மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது. தமிழில் போட்டி வளராமல் கிடப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இங்கே சொந்தமாகப் புத்தகம் ஏற்றும் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏற்றும்போது டிஆர்எம் வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று கொடுங்கள்.

பட்டியலில் ஆங்கில நூல்களும், மதுரைத் திட்டம் போன்ற இடங்களின் இலவசத் தமிழ் நூல்களும்தான் கூட என்றால் கோபோ, பொக்கெட்புக், ஜேர்மனிக்காரர் கொண்டுவரும் டொலினோ எல்லாமே சுகம். ஈபப்பைக் கேபிளில் போட்டால் அப்படியே திறக்கும். கோபோவில் தமிழ் எழுத்து சரியாக வரவில்லை என்றால் யூஎஸ்பியில் இணைத்து, 'ஃபொன்ட்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். எந்த ரீடராக இருந்தாலும் வாங்க முதல் ஒரு தமிழ் ஈபப்பைத் திறந்து, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறாமல் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நூலகத்தின் பிடிஎஃப்பை ஆறு அங்குலத்தில் படிக்க நினைப்பது

இது பல்கலைக்கழகப் பிள்ளைகள் செய்வது. 2005 இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் சிற்றிதழ்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாகக் கொடுத்து வருகிறது, எங்கள் பக்கத்து எழுத்தைத் தேடுபவருக்கு அதைவிட்டால் வேறு நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிந்து வராது, பக்கம் முழுவதும் பெருத்துத் திரைக்கு வெளியே ஓடும். பழைய பத்திரிகை ஒன்றை ஆறு அங்குல ரீடரில் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்து வாசித்துக் கண் நோகிறது என்று சொன்ன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்காக நூலகத்தை நம்பியிருப்பவர் பத்து அங்குலத் திரை வாங்க வேண்டும், காசு போதாவிட்டால் சாதாரண டேப்லெட்டே மேல். ஏற்கெனவே சின்ன ரீடர் கையில் இருந்தால் பக்கவாட்டில் திருப்பி வாசியுங்கள், அல்லது கோரீடர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். கோபோவிலும் பொக்கெட்புக்கிலும் அது வேலை செய்யும், ஓரங்களை வெட்டிவிடும், ஸ்கேன் செய்த பக்கத்தின் வரிகளைக்கூட மடித்துக் காட்ட முயலும். தமிழில் எப்போதும் சுத்தமாக வராது, ஆனாலும் முயன்று பார்க்கலாம்.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத்துக்கென்றே தனிப் பிடிஎஃப் இருக்கிறது. ஏ4 கோப்பை இறக்கிவிட்டுக் கண்ணைச் சுருக்காதீர்கள்.

கிண்டிலுக்குள் கேபிளால் ஈபப் போடுவது

அப்படிப் போட்ட புத்தகம் திரையில் தெரியாது. கோப்பு உள்ளே இருக்கும், பட்டியலில் வராது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' என்ற இணையச் சேவை வழியாக அனுப்புங்கள், 2022 இலிருந்து ஈபப்பை ஏற்று மாற்றிக் கொடுக்கிறது. இணையம் இல்லாத வீடு என்றால் கணினியில் கலிபர் மென்பொருளில் மாற்றிவிட்டுப் போடுங்கள்.

இன்னொருவருடைய கணக்கில் தொடங்குவதும் பாவித்த ரீடர் வாங்குவதும்

இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். ரீடர் யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறதோ, வாங்கும் புத்தகங்கள் அவருடையவை. மச்சான் மெல்பேர்னில் தன் மின்னஞ்சலில் பதிந்து கொடுத்தால், நீங்கள் எத்தனை புத்தகம் வாங்கினாலும் அது மச்சானின் அலுமாரிக்குத்தான் போகும். அவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் போனை எடுக்காமல் இருக்கும் கிழமையில்தான் ரீடர் அதைக் கேட்கும். கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் புத்தகமும் விலையும் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். கருவி பரிசாக வரட்டும், கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

பாவித்ததை வாங்குவதானால் விற்பவர் உங்கள் முன்னால் தன் கணக்கை நீக்க வேண்டும், அப்புறம்தான் காசு. "வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன்" என்றால் வாங்காதீர்கள்.

பெரிய ஆங்கிலப் பதிப்பகப் புத்தகத்துக்குக் கடை கடையாக விலை பார்ப்பது

விலையைப் பதிப்பகமே போடுகிறது. கிண்டிலிலும் கோபோவிலும் பெரும்பாலும் ஒரே விலைதான் இருக்கும், நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வண்ணத் திரை

நாவல் வாசிக்க மட்டும் என்றால் இது தேவையில்லை. ஈ இங்கின் கலைடோ 3 என்ற வண்ணத் திரையில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 தான். பின்னணியும் மங்கலாக இருக்கும்.

பாமினிக் கோப்பை அப்படியே ஏற்றுவது

கோயில் மலர், பாடசாலை மலர், அப்பா தட்டச்சு செய்து வைத்த கவிதைத் தொகுப்பு என்று எங்கள் வீடுகளில் கிடக்கும் பழைய வேர்ட் கோப்புகளில் பெரும்பங்கு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். ரீடரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கருவி பழுது என்று முடிவெடுத்துவிட வேண்டாம். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அந்த எழுத்துரு இல்லாத கருவிக்கு அது ஆங்கிலம்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் ஒன்றில் ஒட்டி, எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடாக மாற்றிய பிறகு ஈபப் செய்யுங்கள். கோப்புக்குள் உண்மையான ஆங்கிலச் சொல் எதுவும் இருந்தால் அந்த மாற்றி அதையும் தமிழ்க் குப்பையாக்கிவிடும், ஆகவே ஆங்கிலப் பெயர்கள், முகவரிகள் வரும் பகுதிகளை முதலே வேறாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை அச்சுப் பிரதியோடு ஒரு தடவை ஒப்பிட்டு வாசித்தபின்தான் பழைய கோப்பில் கை வைக்க வேண்டும், அதையும் அழிக்காமல் ஒரு பென்ட்ரைவில் போட்டு வையுங்கள்.