ரிபேராவைப் பற்றி எழுதுவதற்கு முன் படத்தைப் பாருங்கள்

ஓவியம் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகள் திருத்துவதற்காக என்னிடம் வரும். பரோக் காலம், அதாவது பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பிய ஓவியம் என்றால், பலர் ஸ்பானிய ஓவியர் ஹுசெபே தெ ரிபேராவிடம்தான் தடுக்கி விழுகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள். ஆண்டு மாறுவது, ஊர்ப் பெயர் பிசகுவது பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. அவற்றை புரூஃப் பார்க்கிறவரே பிடித்துவிடுவார்.

படக்குறிப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் விடுவது

மத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில் ரிபேரா 1639இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. நீளம், அகலம் இரண்டும் 234 செ.மீ. முதியவர் ஒருவரின் கைகளைக் குறுக்குக் கட்டையில் கட்டி, கயிற்றை இழுத்து மேலே தூக்குகிறார்கள். நீண்ட காலம் இதைப் புனித பர்த்தலமேயுவின் மறைசாட்சி (மதத்துக்காக உயிர்விடுவது) என்றே சொல்லி வந்தார்கள். இன்று அருங்காட்சியகம் இவரைப் புனித பிலிப்பு என்கிறது. ஆனால் பழைய புத்தகங்களில் பழைய பெயர் அப்படியே கிடக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். கதையே மாறிவிடுகிறது ஐயா! பர்த்தலமேயு உயிரோடு தோலுரிக்கப்பட்டவர். அவர் படத்தில் கத்தி இருக்கும். ரிபேரா அவரைப் பலமுறை வரைந்தார். வாஷிங்டனில் உள்ள 1634ஆம் ஆண்டுப் படத்தில் கொலையாள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். பார்சலோனாவில் உள்ள 1644 படத்தில் உரிக்கவே தொடங்கிவிட்டார்கள். குழப்பம் வந்த வழி இதுதான். பிலிப்பு, மரபுப்படி, சிலுவையில் இறந்தவர். 1639 படத்தில் இருப்பது கட்டையும் கயிறும்தான், கத்தி கிடையாது.

ஒரு சிற்றிதழுக்கு வந்த கட்டுரையில் இந்தப் படத்தில் 'பளபளக்கும் கத்திமுனை' பற்றி ஒரு பத்தி முழுக்க இருந்தது. கலர் பக்கங்கள் அச்சாகி முடிந்த பிறகுதான் அது என் கண்ணுக்கு வந்தது. மறுபடி அச்சடிக்கப் பணம் இல்லை. பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் செருகினோம். எழுதியவரிடம் கேட்டால், "அந்தப் புத்தகத்துல அப்படித்தானே சார் போட்டிருந்தது?" என்றார். தவறுகூடப் பரவாயில்லை, இல்லாத கத்தி அவர் கண்ணுக்குத் தெரிந்ததே, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கத்தியைத் தேடுகிறவர் எதையெல்லாம் விட்டுவிடுகிறார் பாருங்கள். தூக்கப்படும் உடலின் கனத்தில் கயிறு விறைத்து நிற்கிறது. வலப்பக்கம் வேடிக்கை பார்க்கிற கூட்டம். இடப்பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண், நடப்பதைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறாள். அப்புறம், இது ஸ்பெயின் அரச சேகரிப்பிலிருந்து வந்த படம்; அன்றைய அரசர் நான்காம் பிலிப்பு. அரசரின் பெயர் கொண்ட புனிதர் என்ற கோணமும் பழைய பெயரோடு காணாமல் போகிறது.

படக்குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, யார் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் எழுதி வையுங்கள். பெயர் அப்புறம்.

ஸ்பெயினா, இத்தாலியா என்று பஞ்சாயத்து வைப்பது

ஸ்பெயினில், வலென்சியாவை அடுத்த ஹாதிவாவில் 1591இல் பிறந்த ரிபேரா இளம் வயதிலேயே இத்தாலி போனார். பார்மா, ரோம், 1616இல் நேப்பிள்ஸ். அங்கே ஓவியர் ஒருவரின் மகளை மணந்து, 1652இல் அங்கேயே இறந்தார். உடனே 'தாய்நாட்டைத் துறந்த கலைஞன்' என்று சோக ராகம் பாடிவிடுகிறார்கள். அன்றைய நேப்பிள்ஸ் ஸ்பெயின் அரசருக்கு உட்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நேப்பிள்ஸை ஆள வந்த ஸ்பானிய வைஸ்ராய்கள்தான் அவருடைய பெரிய வாடிக்கையாளர்கள். அவர்கள் வழியாகப் படங்கள் கப்பலேறி ஸ்பெயின் போயின. அந்த வைஸ்ராய்களில் ஒருவரான ஓசுனா பிரபுவின் ஊர்க் கோயிலில் இன்றும் ரிபேராவின் படங்கள் உண்டு. இன்னொரு வைஸ்ராயான மோந்தெர்ரே பிரபுவுக்காக 1635இல் வரைந்த அமலோற்பவ மாதா படம் ஸ்பெயினின் சலமான்காவில், அந்தப் பிரபு கட்டிய கன்னியர் மடத்துக் கோயிலில் இருக்கிறது. ஆள் போகாத ஊருக்கு வேலை போய்ச் சேர்ந்தது.

ஏன் திரும்பவில்லை என்று 1625இல் அவரைச் சந்தித்த ஓவியர் ஹுசெபே மார்த்தினெஸ் கேட்டிருக்கிறார். ஸ்பெயின் வெளியூர்க்காரர்களுக்குத் தாய், சொந்தப் பிள்ளைகளுக்கு மாற்றாந்தாய் என்ற பொருளில் பதில் வந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அதற்காக ஊரை மறந்தவர் என்று முடிவு கட்ட வேண்டாம். நேப்பிள்ஸில் உள்ள 1626ஆம் ஆண்டு சைலினஸ் (கிரேக்கப் புராணத்துக் குடிகாரக் கிழவர்) படத்தின் மூலையில் ஒரு பாம்பு காகிதம் ஒன்றைக் கடித்துக் கிழிக்கிறது. அதில்தான் கையெழுத்து: ஸ்பானியர், வலென்சியாக்காரர், ரோம் ஓவியர் கழகத்தவர், நேப்பிள்ஸில் வரைந்தது. நான்கையும் ஒரே துண்டுக் காகிதத்தில் அவரே அடக்கியிருக்கிறார். நாம் எதற்கு ஒன்றை அடிக்க வேண்டும்?

காரவாஜ்ஜோவின் சீடர் என்று எழுதுவது

இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1606இல், ரிபேராவுக்குப் பதினைந்து வயதானபோதே, ரோமை விட்டு ஓடினார், 1610இல் இறந்தார். பாணியின் தாக்கம் என்று எழுதுங்கள், போதும்.

'ரத்த ஓவியர்' என்று பட்டம் கட்டுவது

மேலே சொன்ன 1639 படத்தில் ரத்தமே இல்லை.

போன் திரையில் பார்த்து 'இருட்டு' என்பது

1630களின் நடுவிலேயே அவர் வெளிச்சமான நிறங்களுக்கு மாறத் தொடங்கிவிட்டார். பிலிப்பு படத்தில் தொடுவானம் தாழ்ந்து கிடப்பதால் மேலே முழுக்க நீல வானம். பிராதோவின் தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கேட்பதில்லை.