என்ஐஎஸ்எம் மியூச்சுவல் ஃபண்ட் தேர்வு: முதன்முறை எழுதுபவர்கள் எப்படிப் படிப்பது?

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக விரும்புபவர்களும், வங்கியிலோ தரகு நிறுவனத்திலோ ஃபண்ட் விற்கும் வேலையில் இருப்பவர்களும் எழுத வேண்டிய தேர்வு என்ஐஎஸ்எம் சீரீஸ் ஃபைவ்-ஏ. 100 கேள்விகள், கேள்விக்கு ஒரு மதிப்பெண், 2 மணி நேரம். 50 எடுத்தால் பாஸ். தவறான பதிலுக்கு மைனஸ் மார்க் கிடையாது.

இதைக் கேட்டதும் பலர் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏதாவது ஒரு கேள்வி-பதில் பிடிஎஃபை இறக்கி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். பாஸும் ஆகிவிடுகிறார்கள். அப்புறம் முதல் வாடிக்கையாளர், "நான் நேற்று மதியமே விண்ணப்பம் கொடுத்தேனே, ஏன் இன்றைய விலையில் யூனிட் வந்திருக்கிறது?" என்று கேட்கும்போது திணறுகிறார்கள். அடுத்தவரின் சேமிப்பைக் கையாளப் போகிறவருக்கு அந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தேர்விலும் தேறி, அந்தக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லும்படி படிப்பது எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். வணிகவியல் படிக்காதவர்களுக்கும் இது போதும்.

படி 1: உங்களுக்கு வேண்டியது இந்தத் தேர்வுதானா?

என்ஐஎஸ்எம் என்பது, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி அமைத்த கல்வி நிறுவனம். அது நடத்தும் தேர்வுகள் நிறைய. ஃபண்ட் விற்று நிறுவனத்திடம் கமிஷன் பெறுபவருக்கு ஃபைவ்-ஏ. வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல நினைப்பவர், செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு டென்-ஏ, டென்-பி என்று இரண்டு தேர்வுகள். அங்கே 60% எடுக்க வேண்டும், மைனஸ் மார்க்கும் உண்டு. காப்பீட்டு முகவர் தேர்வு இதிலெல்லாம் சேராது, அது காப்பீட்டுத் துறையைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ பக்கம். எந்த வேலை என்று முடிவு செய்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பதிவு செய்யும்போது பான் அட்டையில் இருப்பது போலவே பெயரைக் கொடுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, அப்பா பெயர் விரிவாக இருக்கிறதா என்று அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே நிரப்புங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இந்த இடத்தில்தான் குழப்பம் வரும்.

படி 2: வொர்க்புக்கை எடுங்கள், அட்டையில் மாதம் பாருங்கள்

என்ஐஎஸ்எம் தளத்திலேயே இந்தத் தேர்வுக்கான பாடப் புத்தகமான வொர்க்புக் இலவசமாகக் கிடைக்கிறது. கேள்விகள் அதிலிருந்துதான் வருகின்றன. அட்டையில் எந்த மாதப் பதிப்பு என்று போட்டிருக்கும். தளத்தில் உள்ள கடைசிப் பதிப்பும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா, அது உங்கள் தேர்வுத் தேதிக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பங்கு சார்ந்த ஃபண்டின் நீண்டகால லாபத்துக்கு முன்பு ஒரு லட்சத்துக்கு மேல் 10% வரி. 2024 ஜூலை 23 முதல் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5%. குறுகியகால லாபத்துக்கு 15% இருந்தது 20% ஆனது. பழைய பிடிஎஃபில் 10% என்றே இருக்கும், கேள்வியில் கொடுக்கும் விடைகளிலும் 10% என்று ஒன்று இருக்கும். மனப்பாடம் செய்தவர் நம்பிக்கையோடு தப்பான பதிலைக் கிளிக் செய்வார்.

படி 3: முதல் வாசிப்பு, பேனா இல்லாமல்

முதல் முறை குறிப்பு எடுக்காதீர்கள், அடிக்கோடு போடாதீர்கள். கதை படிப்பது போல வேகமாகப் படித்துக்கொண்டே போங்கள். புரியாததை விட்டுவிடுங்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஆங்கிலப் பதிப்பில் படிப்பவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸிட் லோடு (வெளியேறும்போது பிடிக்கும் கட்டணம்), கஸ்டோடியன் (வாங்கிய பங்குகளைக் காப்பவர்), ரிடம்ப்ஷன் (யூனிட்டைக் கொடுத்துப் பணத்தை எடுப்பது) போன்ற சொற்களைத் துறையில் எல்லோரும் அப்படியேதான் சொல்கிறார்கள். பொருள் மட்டும் தமிழில் மனதில் இருக்கட்டும்.

வரலாற்றுப் பகுதியில் அதிகம் நிற்க வேண்டாம். 1963-இல் நாட்டின் முதல் ஃபண்ட் நிறுவனமான யுடிஐ, 1987-இல் எஸ்பிஐ மூலம் பொதுத்துறை வங்கிகள் வந்தது, 1993-இல் தனியாருக்கு வழி திறந்தது. இந்த மூன்றும் தெரிந்தால் நகர்ந்துவிடலாம். அந்த முதல் தனியார் ஃபண்டான கோத்தாரி பயனியர் சென்னையில் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

படி 4: ஒரு பத்தாயிரம் ரூபாயின் பின்னாலேயே போங்கள்

படிப்பின் முக்கால் பங்கு இந்தப் படியில்தான் இருக்கிறது. பாடம் பாடமாகக் குறிப்பு எடுப்பதைவிட, ஒரு நோட்டில் ஒருவரின் ₹10,000 எங்கெல்லாம் போய்வருகிறது என்று எழுதிப் பாருங்கள். வொர்க்புக்கில் பல பாடங்களில் சிதறிக் கிடப்பதெல்லாம் ஒரே கோட்டில் வந்து சேரும்.

பணம் போடுபவருக்கு முதலில் கேஒய்சி முடிந்திருக்க வேண்டும். பிறகு விண்ணப்பம். பங்கு சார்ந்த ஃபண்டுக்கு கட்-ஆஃப் நேரம், அதாவது அன்றைய விலை கிடைப்பதற்கான கடைசி நேரம், பிற்பகல் 3 மணி. 2 மணிக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, ஆனால் வங்கியிலிருந்து பணம் ஃபண்டின் கணக்குக்கு மறுநாள்தான் வந்தது என்றால், எந்த நாள் விலை? மறுநாள் விலைதான். 2021 பிப்ரவரியிலிருந்து பணம் வந்து சேர்ந்ததையும் பார்த்தே விலை முடிவாகிறது. மேலே சொன்ன வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் இதுதான். தேர்விலும் இதை விதவிதமாகத் திருப்பிக் கேட்பார்கள்.

அடுத்து யூனிட் கணக்கு. முத்திரைத் தீர்வை 0.005%, அதாவது 50 பைசா. மிச்சம் ₹9,999.50. என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலை, ₹40 என்றால் 9,999.50 ÷ 40 = 249.988 யூனிட். என்ஏவியைத் தாண்டி இங்கே வேறு எதுவும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் நுழைவுக் கட்டணமான என்ட்ரி லோடை 2009 ஆகஸ்டிலேயே செபி நீக்கிவிட்டது.

யூனிட் கிடைத்ததும் அந்தப் பணம் யார் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பக்கத்திலேயே படம் போடுங்கள். எங்கே முதலீடு செய்வது என்று முடிவெடுப்பது ஃபண்டை நிர்வகிக்கும் நிறுவனமான ஏஎம்சி. வாங்கிய பங்குகளைக் காத்து வைத்திருப்பது கஸ்டோடியன். யாருக்கு எத்தனை யூனிட் என்ற பதிவேட்டை வைத்திருப்பது ஆர்டிஏ, உதாரணமாக கேம்ஸ், கேஃபின்டெக். முதலீட்டாளர்கள் சார்பில் இவர்களையெல்லாம் கண்காணிப்பது டிரஸ்டிகள். இதையெல்லாம் தொடங்கி வைத்தவர் ஸ்பான்சர். "இவற்றில் ஏஎம்சியின் வேலை அல்லாதது எது" என்ற வகைக் கேள்வி வந்தால், இந்தப் படம் கண்முன் வரும்.

எட்டு மாதம் கழித்து அவர் பணத்தை எடுக்கிறார். என்ஏவி ₹44, ஓராண்டுக்குள் எடுத்தால் எக்ஸிட் லோடு 1% என்று வைத்துக்கொள்வோம். 44-இல் 1% போக ₹43.56. இதை 249.988-ஆல் பெருக்கினால் ₹10,889.48. லோடை வாங்கிய விலையில் கழிப்பதா, விற்கும் நாள் விலையில் கழிப்பதா என்று இங்கே தடுமாறுபவர்கள் அதிகம். விற்கும் நாள் விலையில்தான். பிறகு பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.001%. 12 மாதம் ஆகாததால் லாபம் குறுகியகாலக் கணக்கில் வரும், 20% வரி, செஸ் தனி.

இந்தப் பணத்தில் விநியோகஸ்தருக்கு என்ன கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். விநியோகஸ்தர் மூலம் போடும் ரெகுலர் பிளானில் முதலீடு இருக்கும்வரை, தொடர்ந்து வரும் ட்ரெயில் கமிஷன். முதலீட்டாளர் நேரடியாகப் போடும் டைரக்ட் பிளானில் எதுவும் இல்லை. போட்டவுடன் மொத்தமாகக் கிடைத்துவந்த முன்கமிஷனை 2018-இல் செபி நிறுத்தியது. வாடிக்கையாளரை அடிக்கடி ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காசு பார்க்கும் பழக்கத்துக்கு அதுதான் கடிவாளம் போட்டது. நடத்தை விதிகள் பற்றிய பாடத்தை இதோடு சேர்த்துப் படித்தால் அது வெறும் உபதேசமாகத் தெரியாது.

இந்தப் பயணத்தை இரண்டு முறை புத்தகம் பார்த்தும், ஒரு முறை பார்க்காமலும் எழுதுங்கள். பிறகு, குறுகியகாலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டுக்கு அதையே எழுதிப் பாருங்கள். எங்கெங்கே மாறுகிறது என்று பிடிபடும்.

படி 5: மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை

கொஞ்சம் இருக்கிறது. லார்ஜ் கேப் ஃபண்டில் குறைந்தது 80%, சந்தை மதிப்பு வரிசையில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் இருக்க வேண்டும். மிட் கேப் என்றால் 101 முதல் 250 வரை உள்ளவற்றில் 65%, ஸ்மால் கேப் என்றால் 251-க்குப் பிறகு உள்ளவற்றில் 65%. வரிச் சலுகை ஃபண்டான இஎல்எஸ்எஸ்ஸின் பூட்டுக்காலம் (பணத்தை எடுக்க முடியாத காலம்) 3 ஆண்டு. ஃபண்டின் ரிஸ்க் அளவைக் காட்டும் ரிஸ்கோமீட்டரில் 6 நிலைகள். இப்படிப்பட்ட எண்களை மட்டும் ஒரே தாளில் எழுதி, தினமும் ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 6: கணக்குக்குப் பயப்படாதீர்கள்

சூத்திரங்கள் கொஞ்சம்தான். ₹10,000 இரண்டு ஆண்டில் ₹12,100 ஆனால் ஆண்டுக்கு 10%, 10.5% இல்லை. ஏன் என்று கையால் பெருக்கிப் பார்த்துவிட்டால் சிஏஜிஆர் (கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம்) முடிந்தது.

எடுத்த ரிஸ்குக்கு எவ்வளவு வருமானம் என்று காட்டும் ஷார்ப் விகிதம்தான் பலரை மிரட்டுகிறது. முதல் ஃபண்டின் வருமானம் 14%, ஏற்ற இறக்கம் 16. இரண்டாவதன் வருமானம் 12%, ஏற்ற இறக்கம் 10. ரிஸ்க் இல்லாத வருமானம் 6% என்று கொள்வோம். முதலாவது (14−6)÷16 = 0.5. இரண்டாவது (12−6)÷10 = 0.6. எடுத்த ரிஸ்குக்குக் கூடுதலாகக் கொடுத்தது இரண்டாவது. "14% வந்த ஃபண்டை ஏன் சொல்லவில்லை" என்று கேட்பவரிடம் நீங்கள் விளக்கப் போவதும் இதையேதான்.

படி 7: மாக் டெஸ்ட் கடைசியில், கடிகாரத்தோடு

புத்தகம் முடியும் முன் மாக் டெஸ்ட் எழுத வேண்டாம். எழுதும்போது 2 மணி நேரம் முழுதாக உட்காருங்கள். கேள்விக்கு 72 வினாடி வருகிறது, அது தாராளம். மதிப்பெண்ணைவிட முக்கியம், தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் வொர்க்புக்கில் பக்கத்தைத் தேடிப் போவது. சரியாக வந்தவற்றிலும் குத்துமதிப்பாகப் போட்டவை எவை என்று ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, அவற்றுக்கும் இதையே செய்யுங்கள். தொடர்ந்து 70-க்கு மேல் வந்தால் தேதி போடலாம். பாஸுக்கு 50 போதும் என்றாலும், தேர்வு அறைப் பதற்றத்தில் கொஞ்சம் குறையும்.

தேர்வு நாள்

அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கேள்வியில் "அல்லாதது", "தவிர" என்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்த பாடத்திலேயே மதிப்பெண் போவது அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் படிப்பதால்தான். சந்தேகமானவற்றை விட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வாருங்கள். மைனஸ் மார்க் இல்லாததால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

பாஸான பிறகு

சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று உடனே விற்கத் தொடங்க முடியாது. அதை வைத்து, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம், விநியோகஸ்தர் பதிவு எண்ணான ஏஆர்என்னுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கியிலோ நிறுவனத்திலோ ஊழியராக இருப்பவருக்கு நிறுவனத்தின் ஏஆர்என்னோடு, அந்த ஊழியரை அடையாளம் காட்டும் இயூஐஎன் எண்ணும் தனியாக வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். காலாவதி ஆகும் முன்பே என்ஐஎஸ்எம் நடத்தும் சிபிஇ என்ற தொடர்கல்விப் பயிற்சியில் கலந்துகொண்டால் மீண்டும் தேர்வு எழுதாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே காலாவதித் தேதிக்கு ஆறு மாதம் முன்பாக ஒரு நினைவூட்டலை இப்போதே போனில் போட்டு வையுங்கள்.