நிம்மதிக்காக சாமி கும்பிடறவங்க பண்ணக்கூடாத சில தப்புகள்

மனசு சரியில்லன்னா நம்ம ஊர்ல முதல்ல கெடைக்கற அட்வைஸ் "ஏதாவது சுலோகம் சொல்லு, கோயிலுக்குப் போய்ட்டு வா"ங்கறதுதான். நல்ல அட்வைஸ், நான் மனசார நம்பறேன். ஆனா நெறைய பேர் ரெண்டு மூணு மாசம் விடாம பண்ணிட்டு "எனக்கு ஒண்ணும் நிம்மதி வரலைங்க"ன்னு விட்டுடறாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு, ஏன்னா அவங்க பக்தில கொறையே இல்ல, பண்ற விதத்துலதான் எங்கயோ இடிக்குது. அந்தத் தப்பையெல்லாம் நாம தெனமும் படிக்கற பாட்டும் கீதையுமே நேராவே சொல்லிருக்கு, நாமதான் கவனிக்காம தாண்டிப் போய்டறோம்.

முதல் தப்பு அர்த்தம் பாக்காம படிக்கறது. சிவபுராணம் மொத்தம் 95 வரி, தெனமும் சொல்ற எத்தனையோ பேருக்கு மனப்பாடம். அதோட கடைசில மாணிக்கவாசகர் "சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்"னுதான் முடிக்கறாரு, அந்த எடம் வர்றப்ப நமக்கு ஆபீஸுக்கு லேட் ஆயிடுச்சுன்னு ஸ்பீடு ஏறிடும். போன்ல கவசம் ஓடும், அடுப்புல குக்கர் விசிலடிக்கும், வாய் பாட்டுக்கு கூடவே முணுமுணுக்கும், மனசு மட்டும் நேத்து மாமியார் சொன்ன வார்த்தைலயே நிக்கும். பாட்டு காதுல விழறதே நல்லதுதான், அதத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நிம்மதி வேணும்னு படிக்கறவங்க முழுசும் முடிக்கணும்னு ஓடாம, ஒரு நாளைக்கு நாலு வரிய எடுத்து இது என்னதான் சொல்லுதுன்னு நின்னு பாக்கணும்.

அடுத்தது, "உக்காந்தா மனசு அலையுது, எனக்கெல்லாம் இது செட் ஆகாது"ன்னு முடிவு கட்டறது. கீதை 6-ம் அத்தியாயத்துல அர்ஜுனனே இதத்தான் கேக்கறான், மனசு காத்து மாதிரி, அத எப்படிப் புடிச்சு வைக்கறதுன்னு. கிருஷ்ணர் அவன திட்டல, ஆமா கஷ்டம்தான்னு முதல்ல ஒத்துக்கறாரு, அப்புறம்தான் விடாம பழகறதாலயும் பற்றக் கொறைச்சுக்கறதாலயும் முடியும்ங்கறாரு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, மனசு எங்கெங்க ஓடுதோ அங்கங்க இருந்து திருப்பிக் கூட்டிட்டு வான்னும் சொல்லிருக்காரு. அதாவது ஓடத்தான் செய்யும், கூட்டிட்டு வர்றதுதான் நம்ம வேலை. பட்டினத்தாரும் "கையொன்று செய்ய விழியொன்று நாடக் கருத்தொன்று எண்ண" இப்படிப் பண்ற பூசைய நீ எப்படி ஏத்துக்குவன்னு சாமிகிட்டயே கேக்கறாரு. எல்லாத்தையும் துறந்து போனவரே அப்படிப் பாடிருக்காருன்னா, ஸ்கூல் ஃபீஸும் இஎம்ஐயும் தலைல ஓடற நமக்கு பத்து நிமிஷம் மனசு நிக்கலைன்னு எதுக்கு இவ்ளோ குற்ற உணர்ச்சி?

ஒரேயடியா பெருசா ஆரம்பிக்கறதும் இதோட சேந்ததுதான். விடிகாலை நாலு மணிக்கு எந்திரிக்கணும், 48 நாள் ஒரு வேளை சாப்பாடு, தெனமும் சகஸ்ரநாமம்னு திங்கக்கிழம ஆரம்பிப்பாங்க, வெள்ளிக்கிழம ஒடம்பு முடியாம விட்டுப்போயிரும், அப்புறம் விரதம் கெட்டுப்போச்சே சாமி குத்தம் ஆயிடுமோன்னு ஒரு பயம் வேற, நிம்மதி தேடப் போய் புதுசா ஒரு கவல. அளவுக்கு மீறி சாப்பிடறவனுக்கும் யோகம், அதாவது மனசு ஒரு நெலைல நிக்கறது, இல்ல, ஒண்ணுமே சாப்பிடாதவனுக்கும் இல்ல, ரொம்பத் தூங்கறவனுக்கும் இல்ல, தூங்காதவனுக்கும் இல்லன்னு அதே 6-ம் அத்தியாயம் சொல்லுது. 12-ம் அத்தியாயம் இன்னும் எறங்கி வருது. மனச என்கிட்டயே வை, முடியலயா பழகிப் பாரு, அதுவும் முடியலயா எனக்காக வேலை செய், அதுவும் முடியலன்னா செய்யற வேலையோட பலன விட்டுடுன்னு படிப்படியா கீழ எறங்கி நம்ம கையப் புடிக்கற மாதிரி இருக்கும், எனக்கு கீதைலயே ரொம்பப் புடிச்ச எடம் அது.

அடுத்த தப்பு சாமிகிட்ட பேரம் பேசறது, நிம்மதிய நெஜமாவே கெடுக்கறது இதுதான்னு நெனைக்கறேன். கஷ்டத்துல கேக்கறது தப்பில்ல, துன்பத்துல வர்றவன், பொருள் கேட்டு வர்றவன் ரெண்டு பேரையும் கீதை பக்தர்கள் லிஸ்ட்லயே வச்சு உயர்ந்தவங்கன்னு சொல்லுது. ஆனா "இத்தன வாரம் விளக்கு போட்டேன், ஏன் இன்னும் நடக்கல"ன்னு கணக்குப் பாக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு வாரமும் ஏமாத்தம்தான் மிஞ்சும். தேவாரம் பாடின அப்பர் திருவதிகைக்கு சூலை நோயோட, அதாவது தாங்க முடியாத வயித்து வலியோட வந்து, அக்கா திலகவதியார் கையால திருநீறு வாங்கிப் பூசிக்கிட்டு, வலி தாங்காம கதறித்தான் முதல் பதிகத்தப் பாடினாரு, வலியும் போச்சு. அதே அப்பர பின்னாடி சுண்ணாம்புக் காளவாசல்ல போட்டு மூடினாங்க, ஏழு நாள் கழிச்சுத் தெறந்தப்ப உசுரோட இருந்தாருன்னு பெரிய புராணம் சொல்லுது. அங்க உள்ள இருந்துகிட்டு அவரு பாடினதுதான் "மாசில் வீணையும் மாலை மதியமும்". அந்தப் பாட்டுல என்ன வெளிய எடுன்னு ஒரு வார்த்த கூட இல்ல. வீணை, சாயங்கால நிலா, தென்றல், இளவேனில், வண்டு சுத்தற குளம், இதெல்லாம் மாதிரி இருக்கு என் அப்பனோட காலடி நிழல், அவ்ளோதான் பாட்டு. சூடு கொறைஞ்சப்புறம் பாடினது இல்லைங்க, சூட்டுக்குள்ளயே பாடினது.

செலவு பண்ணாதான் பலன்னு நெனைக்கறவங்க பூசலார் கதையப் படிங்க. திருநின்றவூர்ல கையில காசில்லாம மனசுக்குள்ளயே கல்லு கல்லா கோயில் கட்டினாரு, ராஜா காஞ்சிபுரத்துல கட்டின கோயிலுக்கு குடமுழுக்கு வச்ச அன்னைக்கு சிவன் இவரு கோயிலுக்குத்தான் போனாரு.

வெளிய பக்தி, வீட்ல கடுகடுப்பு, இத யாரும் தப்பாவே எடுத்துக்கறதில்ல. பிரதோஷத்தன்னைக்கு நந்தி அபிஷேகம் பாக்கணும்னு முன்னாடி நிக்கற வயசான அம்மாவ முழங்கையால தள்ளிட்டுப் போறாங்க, பூஜை ரூம்ல இருந்தே புள்ளைங்கள கத்தறாங்க. யார் மனசையும் நோகடிக்காத பேச்சையும் நூல் ஓதறதையும் கீதை 17-ம் அத்தியாயம் ஒரே சுலோகத்துல வாக்குத் தவம்னு சேத்துதான் வச்சிருக்கு. சாமிக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய், நாம சாப்பிடறப்ப அடுத்தவங்களுக்கு ஒரு கைப்பிடி, அடுத்தவங்ககிட்ட ஒரு இனிய சொல், இது எல்லாராலயும் முடியும்னு திருமூலரும் பாடிட்டாரு.

வாரக்கணக்கா தூக்கமே இல்ல, சாப்பாடு எறங்கல, வாழவே புடிக்கலன்னு தோணுதுன்னா தயவுசெஞ்சு டாக்டரப் பாருங்க, பாட்டு பாடறேன்னு மாத்திரைய நிறுத்தாதீங்க. ரெண்டும் சேந்தே நடக்கலாம்.

புதுசா ஆரம்பிக்கறவங்க கீதைன்னா 12-ம் அத்தியாயம் எடுங்க, 20 சுலோகம்தான். தேவாரம்னா அஞ்சாம் திருமுறைல "மாசில் வீணையும்" பதிகம், அடுத்த பாட்டே "நமச்சிவாயவே ஞானமும் கல்வியும்"னு வரும், முதல் வாரம் அந்த ரெண்டே ரெண்டு பாட்டு போதும், உரையோட இருக்கற புக்கா பாத்து வாங்குங்க.