புது வீட்டில் கோடை விருந்து: வெண்ணெய் இல்லாத மாம்பழ கேக்

சித்திரையிலோ வைகாசியிலோ பால் காய்ச்சிக் குடிபோகிறவர்களின் வீட்டில் விருந்து ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாத உறவினர்களும் அலுவலக நண்பர்களும் அதன்பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழுக்குழுவாக வீடு பார்க்க வருவார்கள். அந்த நாள்களோ பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்துக்குள்ளேயே அமைந்துவிடும். புதுச் சமையலறையில் நம் கையாலேயே ஒரு கேக் செய்து கொடுக்க வேண்டும் என்ற ஆசையோடு நாம் தேடி எடுக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்ச் சமையலறைகளுக்காக எழுதப்பட்டவை. சென்னையின் மே மாதத்துக்கு அவை பொருந்துவதில்லை. நான் கோடைதோறும் செய்துவரும் முட்டை சேர்க்காத மாம்பழ கேக்கின் முறையை இங்கே எழுதுகிறேன். மாவு சலிப்பது, பழம் அரைப்பது போன்றவற்றை விளக்கப்போவதில்லை. எங்கே சிக்கல் வருமோ அங்கேதான் நின்று பேசப்போகிறேன்.

முதலில் மின்சாரம்

வீட்டு உபயோகத்துக்கான ஓ.டி.ஜி. எனப்படும் மேடையில் வைக்கும் மின் அடுப்புகளில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்தவை) பல 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கக்கூடியவை. 230 வோல்ட்டில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 6.5 முதல் 8.7 ஆம்பியர் ஆகிறது. மிக்சிக்கென்று வைத்திருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதைத் தாங்காது. பெரிய மூன்று துளை கொண்ட 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். பிளக் பொருந்தவில்லை என்று இடையில் மாற்றுச் சொருகியை வைத்து ஓட்டுவது மிகவும் ஆபத்தான வழக்கம். வீட்டு வேலை இன்னும் முடியவில்லையென்றால், சமையலறை மேடையில் அடுப்புக்கென்று தனி வயரும், மின்னோட்டம் மிகுந்தால் தானாகவே துண்டிக்கும் தனி எம்.சி.பி. சுவிட்சும் போட்டுத் தரும்படி எலெக்ட்ரீஷியனிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். இன்வெர்ட்டர் இணைப்பில் அடுப்பை ஒருபோதும் சேர்க்க வேண்டாம்.

மாடுலர் கிச்சன் செய்கிறவர்கள் அடுப்புக்கென்று அளவெடுத்து ஒரு பெட்டி அடித்துத் தருவார்கள். பார்க்க அழகாக இருந்தாலும், மேடையில் வைக்கும் வகை ஓ.டி.ஜி.யை அப்படி அடைத்து வைக்கக் கூடாது. அதன் பக்கங்களும் முதுகும் கடுமையாகச் சூடேறுவதால் நான்கு விரற்கடையாவது இடைவெளி விட்டு, மேலே எதுவும் இல்லாத இடத்தில், கிரானைட் மேடையின்மீதே வைப்பது நல்லது. புது அடுப்பை முதலில் வெறுமனே உச்ச வெப்பத்தில் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். சூடேற்றும் கம்பிகளில் தங்கியிருக்கும் எண்ணெய்ப் பூச்சு எரிந்து புகையும் வாடையும் வரும்; சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும்.

டயலை நம்பாதீர்கள்

தொடக்கநிலையினரை அதிகமாக அலைக்கழிப்பது இந்த இடம்தான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். டயலில் 180 என்று வைத்தால் உள்ளே 180 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை; பத்து இருபது டிகிரி முன்னும் பின்னும் இருப்பது சாதாரணம். உள்ளே வெப்பம் கூடுதலாக இருந்தால் கேக்கின் ஓரமும் மேற்பரப்பும் முதலில் இறுகிவிடும். நடுவில் இருக்கும் மாவு அதன்பிறகும் பொங்கிக்கொண்டே இருப்பதால் மேலே முட்டிக் கூம்பாகி வெடிக்கும். வெளியே கருகியும் உள்ளே வேகாமலும் நிற்கும். வெப்பம் குறைவாக இருந்தாலோ, எழும்பிய மாவு இறுகுவதற்கு முன்பே காற்றை இழந்து நடுவில் அமுங்கிவிடும். இரண்டுக்கும் செய்முறையைக் குறை சொல்வோம். அளவுகளை மாற்றி மாற்றிப் பார்ப்போம்.

இதற்குத் தீர்வு, அடுப்புக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி. பேக்கிங் பொருள்கள் விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாவு அடிக்கும் பீட்டர், அலங்கார முனைகள், சிலிக்கோன் தூரிகை ஆகியவற்றையெல்லாம் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. வெப்பமானியை நடுத்தட்டில் மாட்டி, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் இயக்கி, டயலை 180இல் வைத்து இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். கம்பிகள் சிவப்பதும் அணைவதுமாக மாறிமாறி இயங்குவதால் முள் ஓரிடத்தில் நிற்காது. ஏறும் உச்சத்தையும் இறங்கும் அடியையும் சில சுற்றுகள் கவனித்து, அவற்றின் நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். என் அடுப்பில் டயல் 165இல் இருந்தால்தான் உள்ளே 180 வருகிறது. அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி டயலுக்கு அருகிலேயே ஒட்டியிருக்கிறேன்.

கோடைக்கே உரிய இன்னொரு சிக்கலும் இதனுடன் சேர்கிறது. தெருவில் உள்ள ஏ.சி.க்கள் அனைத்தும் ஓடும் மாலை, இரவு நேரங்களில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். கம்பியின் வெப்பத்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட் 200ஆகக் குறைந்தால் 1500 வாட் அடுப்பு ஏறத்தாழ 1130 வாட் அடுப்பாகிவிடுகிறது. அதாவது கால் பங்கு பலம் போய்விடுகிறது. அடுப்பு சூடாக நெடுநேரம் எடுக்கும். கதவைத் திறந்து டின்னை வைத்ததும் இறங்கிய வெப்பம் மீண்டும் ஏறுவதற்குள் மாவின் முதல் எழுச்சி வீணாகிவிடும். காலையில் நன்றாக வந்த அதே கேக் மாலையில் கல்லாகிப்போவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். ஆகவே கோடையில் விடியற்காலை ஐந்து, ஐந்தரை மணிக்கே கேக் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் நிலையாக இருக்கும். விருந்தினர் வரும் நேரத்தில் சமையலறை அனலாகவும் இருக்காது.

வெண்ணெய் ஏன் வேண்டாம்

வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும் முறையில், சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெய்க்குள் சிறு காற்றறைகளை உண்டாக்குகின்றன. அந்தக் காற்றறைகள் நிற்க வெண்ணெய் ஏறத்தாழ 18 முதல் 21 டிகிரிக்குள், அழுத்தினால் விரல் பதியும் பதத்தில் இருக்க வேண்டும். மே மாதச் சமையலறையில் சாதாரணமாகவே 33, 34 டிகிரி இருக்கும். வெண்ணெய் அந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்கிவிடும். “அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்” என்று செய்முறைகள் சொல்வது நம் அறையை அல்ல. கிண்ணத்தைப் பனிக்கட்டித் தட்டில் வைத்து அடிக்கலாம்தான், ஆனால் தொடக்கநிலையினருக்கு அது தேவையற்ற போராட்டம். எண்ணெய் கேக்கில் இந்தச் சிக்கலே இல்லை. தவிரவும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெண்ணெய் கேக் இறுகிவிடும். எண்ணெய் கேக் மென்மையாகவே இருக்கும். கோடையில் கேக்கைப் பெட்டிக்குள் வைத்தே ஆக வேண்டும் என்பதால் இது பெரிய வசதி.

தேவையானவை

எட்டு அங்குல வட்ட டின்னுக்கான அளவு: மைதா 190 கிராம், மாம்பழ விழுது 250 கிராம், சர்க்கரை 150 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 60 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 110 மி.லி., பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, நான்கு ஏலக்காயின் பொடி, ஒரு சிட்டிகை உப்பு, தேவைப்பட்டால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால்.

மைதாவையும் விழுதையும் தராசில் நிறுத்தே எடுங்கள். கடையில் விற்கும் கப்புகளில் 200 மி.லி.யும் உண்டு, 250 மி.லி.யும் உண்டு, எந்தக் கப் என்று தெரியாமல் அளப்பது வீண். நாரில்லாத பங்கனப்பள்ளி இந்தக் கேக்குக்கு மிகவும் ஏற்றது. இமாம் பசந்தை வெட்டித் தின்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அந்த மணம் அடுப்பில் பாதி போய்விடும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தயாராகும் டின் விழுதையும் பயன்படுத்தலாம். சர்க்கரை சேர்த்த விழுதாக இருந்தால் சர்க்கரையை 110 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாம்பழ வாசனையை அமுக்கிவிடும்.

செய்முறை

மாவைக் கலப்பதற்கு முன்பே அடுப்பைச் சூடேற்றத் தொடங்குங்கள். ஈரம் பட்டதும் சோடா வேலை செய்யத் தொடங்கிவிடும். புழுக்கமான சமையலறையில் மாவு அடுப்புக்காகக் காத்திருந்தால் எழுச்சியின் ஒரு பங்கு கிண்ணத்திலேயே தீர்ந்துவிடும். டின்னில் எண்ணெய் தடவி அடியில் பட்டர் பேப்பர் விரியுங்கள். கடைகளில் அந்தப் பெயரில் மெழுகுத் தாளையும் விற்கிறார்கள், அது அடுப்பில் புகையும். பேக்கிங்குக்கு உரியது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். டின் கறுப்பு நான்ஸ்டிக்காக இல்லாமல் சாதாரண அலுமினியமாக இருந்தால் ஓரம் கருகாது.

விழுது, சர்க்கரை, தயிர், எண்ணெய் ஆகியவற்றைக் கைக் கடைப்பானால் சர்க்கரை பெரும்பாலும் கரையும்வரை கலக்குங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலித்து அதில் கொட்டி, வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கரண்டியால் புரட்டுங்கள். அதற்குமேல் கலக்கினால் மைதாவின் பசை வலுத்துக் கேக் ரப்பராகிவிடும். பீட்டர் வேண்டாம் என்பதும் இதனால்தான். மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பட்டையாக வழிய வேண்டும்; வழியவில்லையென்றால் பால் சேர்க்கலாம்.

உடனே டின்னில் ஊற்றி, டின்னின் நடுப்பகுதி அடுப்பின் நடுவே வரும்படி கீழிருந்து இரண்டாம் தட்டில் வைத்து, உண்மையான 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் வேகவிடுங்கள். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம். பல்குத்தும் குச்சியை நடுவில் குத்தினால் ஈரமாவு ஒட்டாமல் ஓரிரு உதிரித் துகள்களுடன் வெளியே வர வேண்டும். பத்து நிமிடம் டின்னிலேயே விட்டுப் பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முற்றிலும் ஆறவிடுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகி மேற்பரப்பு பிசுபிசுக்கும்.

மாலையில் பரிமாறுவது

மாம்பழம் சேர்ந்த கேக் கோடையில் வெளியே இருந்தால் மறுநாளே ஊசிப்போகும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். மேலே கிரீம் பூசும் எண்ணத்தை ஒத்திப்போடுங்கள். கடைகளில் சின்ன அட்டைப்பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீத அளவுதான் இருப்பதால் எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது. நிற்கும் வகை கிரீமும் மொட்டை மாடியில் கால் மணி நேரத்தில் வழியத் தொடங்கும். பொடித்த சர்க்கரையைச் சல்லடையால் தூவி, பக்கத்தில் குளிர்ந்த மாம்பழத் துண்டுகளை வைத்தால் போதும்.

மொட்டை மாடியில் உட்காரவைப்பதானால், வெயில் தாழ்ந்ததும் தரையில் இரண்டு முறை தண்ணீர் தெளித்துவிடுங்கள். இல்லையென்றால் ஏழு மணிக்கும் காங்கிரீட் அனல் வீசும். கேக்குடன் நன்னாரி சர்பத்தோ பானகமோ கொடுப்பது தித்திப்பின்மேல் தித்திப்பு. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோரும் மாங்காய்த் துருவிய பட்டாணிச் சுண்டலும்தான் என் தேர்வு. புது வீடென்றாலும் எறும்பு வரும். அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் தட்டை வையுங்கள்.

பின்சேர்க்கை

கேக்கில் அங்கங்கே செம்புள்ளிகள் வந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நிறத்துக்காக மஞ்சள்தூள் சேர்த்ததாக அவரே பின்னர்க் குறிப்பிட்டார். சரியாகக் கலக்காத சோடாக் கட்டிகளோடு மஞ்சள் சேர்ந்தால் சிவக்கும், குங்குமம் செய்யும் அதே வினைதான். சோடாவைச் சலித்துச் சேர்த்தால் புள்ளி வராது. பங்கனப்பள்ளியின் நிறமே போதும் என்பதால் மஞ்சளை விட்டுவிடுவது இன்னும் நல்லது.

பாதியில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும், நாளிதழ்களில் முன்கூட்டியே அறிவிப்பும் வரும். விடியற்காலையில் செய்கிறவர்களுக்கு அதனால் பாதிப்பில்லை. எதிர்பாராமல் போனால் கதவைத் திறக்காதீர்கள். கேக் வேகத் தொடங்கி அரை மணி நேரம் கடந்திருந்தால் உள்ளே தங்கிய வெப்பத்திலேயே நடுப்பகுதி ஓரளவு இறுகிவிடும், மின்சாரம் வந்ததும் மீதி நேரத்தை ஓட்டிக் குச்சியால் சோதித்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடத்திலேயே போய்விட்டால் அது எழும்பாது. மின்சாரம் வந்ததும் முழுதாக வேகவிட்டு எடுத்து உதிர்த்து, குளிர்ந்த மாம்பழத் துண்டும் ஐஸ்கிரீமும் அடுக்கடுக்காகப் போட்டுக் கண்ணாடிக் கோப்பையில் கொடுத்துவிடுங்கள்.