கோலை விட்டு எப்போது வெளியே வருவது: கோல்கீப்பர் மானுவேல் நோயரின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகும் முறை

நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில் கால்பந்து விளையாடாத பிள்ளைகள் குறைவு. ஆனால் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, நிற்கும் பிள்ளைக்கு மட்டும் பெரும்பாலும் யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை. அவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த கோல்கீப்பர் மானுவேல் நோயரைப் பார்த்துப் படிக்கலாம். ஷால்க அணியில் வளர்ந்து 2011இல் பயர்ன் மியூனிக்கிற்குச் சென்ற அவர், 2014 உலகக் கோப்பையில் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையைப் பெற்றவர்.

முதலில், அந்தத் தொடரில் ஜெர்மனி கூடுதல் நேரத்தில் அல்ஜீரியாவை 2-1 என வென்ற ஆட்டத்தை, பந்தை மறந்து நோயரை மட்டும் கவனித்துப் பாருங்கள். தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் பந்து விழும்போதெல்லாம் அவர் பெனால்டி பகுதியைத் தாண்டி ஓடிவந்து, காலாலும் ஒருமுறை தலையாலும் அதை அப்புறப்படுத்துவார். அவருடைய வேகத்தைவிட, பந்து வருவதற்கு முன்பே அவர் முன்னேறி நிற்கும் இடத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்து, கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர் தள்ளி மணலில் குச்சியால் ஒரு கோடு கிழியுங்கள். இதுதான் பெனால்டி பகுதியின் எல்லை. அதற்கு வெளியே கைக்கு வேலையில்லை. ஒருவர் தொலைவிலிருந்து பந்தை முன்னே தட்டிவிட, மற்றொருவர் அதைத் துரத்தி ஓடட்டும். உதைப்பவரின் கால் பந்தில் படும் அந்த நொடியிலேயே, போவதா நிற்பதா என்று கோலி முடிவெடுக்க வேண்டும். புறப்பட்டபின் பாதிவழியில் தயங்கி நிற்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதல்.

இதை அலை நனைத்து இறுகிய மணலிலேயே செய்யுங்கள். பொதபொதவென்ற காய்ந்த மணலில் பந்து சீக்கிரம் நின்றுவிடுவதால், எட்டாத பந்தும் எட்டும் என்று கண் பழகிவிடும். அதே கணக்கோடு பள்ளி மைதானத்தில் இறங்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஓரடி பிந்திவிடும்.

நோயருக்கும் இது தவறிப்போனதுண்டு. 2018 உலகக் கோப்பையில், தென்கொரியாவுக்கு எதிரான கடைசி நிமிடங்களில் எதிரணியின் பாதிக்கே சென்று பந்தை இழந்தார். சன் ஹியூங்-மின் காலியான கோலில் அதைச் சேர்த்தார். எனவே, பயிற்சியில் மூன்றாவதாக ஒருவரை நடுக்கோட்டருகே நிறுத்தி, கோலி தட்டிவிடும் பந்து சிக்கினால் உடனே காலிக் கோலை நோக்கி உதைக்கச் சொல்லுங்கள்.